240 கல்வியாளர்கள் ஆதரவு... விளம்பர பில் கட்டியது யார்?

ஏகபோகத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாக மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு 1998-ல் வழக்குத் தொடர்ந்தது. விசாரணைக்கு நடுவே, 1999 ஜூனில் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் இரண்டிலும் முழுப்பக்க விளம்பரம். இத்தகைய வழக்குகள் நுகர்வோருக்கு உதவாது என்று 240 கல்வியாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். வெளியிட்டது இண்டிபெண்டன்ட் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு.

செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் விஷயத்தை உடைத்தது: விளம்பரச் செலவு சுமார் 1.5 லட்சம் டாலர், கொடுத்தது மைக்ரோசாஃப்ட்!

பணத்தால் கருத்து மாறவில்லை என்றது அமைப்பு. உண்மையாகவே இருக்கலாம். அப்போ என்னதான் பிரச்னை?

அந்த விளம்பரத்தின் பலமே 'இவங்க நடுநிலையானவங்க' என்ற நம்பிக்கைதான். பணம் யாருடையது என்று அதிலேயே போட்டிருந்தால், எவ்வளவு நம்புவது என்பதை வாசகர் முடிவு செய்திருப்பார். பறிபோனது அந்த வாய்ப்புதான்.