யதார்த்தமும் ஒரு வகைதான்

கதைக்காரர் ஒரே வகையில் நின்று எழுதினால்தான் ஆழம் கிட்டும், நாலு வகையிலும் கைவைத்தால் மேம்போக்காகிவிடும் என்றொரு பேச்சு நம்மிடையே நெடுநாளாக உண்டு. சந்தை இப்படிச் சொன்னால் புரிகிறது. மாத நாவலுக்குத் துப்பறியும் கதை, குடும்பக் கதை என்று அட்டையிலேயே அடையாளம் வேண்டும். ஆனால் சந்தையை ஏசுகிற நாமும் அதையே வேறு வார்த்தையில் சொல்கிறோம். மக்கள் பிரச்சினையை எழுதுகிறவர் யதார்த்தத்தை விட்டு நகரக்கூடாது. பேய், புராணம்னு போனால் அது தப்பித்தல். இதுவும் வகைமைக் கட்டளைதானே?

வகைமை என்பது எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் இடையிலான எழுதப்படாத ஒப்பந்தம். இந்தக் கதைக்குள் எது நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்பதை முதல் பத்தியிலேயே இருவரும் பேசி முடித்துவிடுகிறார்கள். பேய்க்கதையில் இது பளிச்சென்று தெரியும். யதார்த்தக் கதையில் தெரியாது. தெரியாததாலேயே, அது வாழ்க்கையேதான், ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று நம்பிவிடுகிறோம்.

புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்வோம். 1906இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் (அதற்காக நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை, அவர் மொழி நெல்லையுடையது). 1934இல் ‘பொன்னகரம்’ வந்தது. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குக் கஞ்சி காய்ச்ச, அம்மாளு இன்னொருவனோடு சந்துக்குள் போகிறாள். கற்பு பேசுகிறவர்கள் முகத்தில் அறைகிற கதை. அறை விழுவது அந்தத் தெருவைப் பார்க்காத கனவான்கள்மேல். ஆனால் கற்பை விதித்த அதிகாரம் அந்தத் தெருவில் இல்லை, காவியத்தில் இருக்கிறது. அதைத் தொட அவர் 1943இல் ‘சாபவிமோசனம்’ எழுத வேண்டியிருந்தது. ராமன் பாதம் பட்டு உயிர்பெற்ற அகலிகை, அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். அம்மாளுவால் கல்லாக முடியாது, யதார்த்தம் விடாது. தீர்ப்புச் சொன்னவனையே நிறுத்திக் கேள்வி கேட்கப் புராணம்தான் இடம் கொடுத்தது. இதில் தப்பித்தல் எங்கே இருக்கிறது? அதே ஆண்டு வந்த ‘காஞ்சனை’யும் அப்படித்தான். பேயா, பிரமையா என்று யதார்த்தக் கதையானால் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். படித்த ஆணின் பகுத்தறிவு தன் வீட்டுக்குள்ளேயே ஆட்டம் காண்பதைக் காட்ட, அந்தத் தீர்ப்பு வராமலிருப்பது அவசியம். இதே மனிதர்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலிகளைப் பற்றி ‘துன்பக் கேணி’ எழுதியவர். அங்கே பேயும் இல்லை, கடவுளும் இல்லை.

பல வகை என்பதே தகுதியாகிவிடாது. அவருடைய தழுவல் கதைகள் சில இன்று வெறும் பயிற்சியாகவே படுகின்றன. எதிர்ப்பக்கம் மௌனி இருக்கிறார். கடலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில், சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1985இல் மறைந்தவர். இரண்டு டஜன் கதைகள், ஏறக்குறைய ஒரே தொனி, ஒரே தவிப்பு. அவர் பொருளுக்கு வேறு வாசல் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவரைப் பார்த்து எழுதியவர்கள் தொனியை எடுத்துக்கொண்டார்கள், தவிப்பு அவர்களிடம் இல்லை.

இங்கேதான் நம்ம தோழர்களிடம் ஒரு கேள்வி. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. தன்வரலாறா நாவலா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வகைமையையே கலைத்துப்போட்ட பிரதி அது. நாம் என்ன செய்தோம்? அதையே ஒரு வகையாக்கி, தலித் எழுத்து என்றால் சாட்சியம், பட்ட பாட்டைப் பட்டபடி சொல்வது என்று வேலி போட்டோம். பிள்ளைமார் வீட்டில் பிறந்தவர் கடவுளைச் சென்னைக்கு வரவழைத்து கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைக்கலாம், மேதைமை என்கிறோம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு பெண் பேய்க்கதையோ வேற்றுக்கிரகக் கதையோ எழுதிக்கொண்டு வந்தால், ‘உங்க வாழ்க்கையை எழுதுங்கம்மா’ என்று திருப்பி அனுப்புகிறோம். எந்த வகையில் எழுதுவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை நம் பத்திரிகைகளின் பக்கங்களிலேயே எண்ணிப் பார்த்துவிடலாம்.