துயரமும் துப்பும்

தேவாரத்துக் கடைவீதியில் நின்று மேற்கே நோக்கினால் ஏலமலை தெரியும். விடியுமுன் நம் ஊர்ப் பெண்கள் ஜீப்புகளில் ஏறி, மலை கடந்து, ஏலத் தோட்டங்களில் வேலை செய்து மாலையில் திரும்புகின்றனர். ஜீப்பு வரச் சற்றுத் தாமதமானாலும் வாசலில் நிற்கும் தாயின் முகம் எப்படி வாடிவிடும் என்பதை நாம் அறிவோம். போனவர் வராமலே இருந்துவிட்டால்? அந்தக் கேள்வியின்மேல் எழுந்த படம்தான் 2011-ஆம் ஆண்டு வெளிவந்த ‘யுத்தம் செய்’.

மிஷ்கின் இயக்கிய இம்மர்மப் படத்தில் சேரன், ஜே.கே. என்னும் சி.பி.சி.ஐ.டி. அதிகாரியாக நடித்துள்ளார். அவருடைய தங்கை காணாமற் போயிருக்கிறாள். அந்தத் துயரத்தோடு இருப்பவரிடம் வேறொரு வழக்கு ஒப்படைக்கப்படுகிறது. மக்கள் நடமாடும் இடங்களில் அட்டைப் பெட்டிகள் கிடக்கின்றன. திறந்தால் உள்ளே வெட்டப்பட்ட மனிதக் கைகள்!

மர்மப் படம் என்றால் ‘கொலையாளி யார்?’ என்னும் கேள்வி ஒன்றே போதும் என்று நினைப்போர் உண்டு. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ அவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாடல் ஒன்றுகூட இல்லாத அப்படத்தில், ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி கணக்கு ஆசிரியரைப் போல அமைதியாக ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். இறந்தவர் அவருக்கு உறவினர் அல்லர். இழப்பு அவருடையது அன்று.

துக்கத்தில் இருப்பவரே துப்பறியப் புகுந்தால் இரண்டாவது கேள்வி ஒன்று பிறக்கிறது: ‘கண்டுபிடித்த பின் இவர் என்ன செய்வார்?’ 2006-இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’ படத்தின் இராகவனும் மனைவியைக் கொடியோரிடம் பறிகொடுத்த அதிகாரியே. ஆயினும் ‘யுத்தம் செய்’ இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. ஜே.கே. தேடிச் செல்லும் வழியின் மறுமுனையில் நிற்பவர்கள், மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு முறையிட்டும் நீதி கிடைக்காத பெற்றோர். ஒய்.ஜி. மகேந்திரனும், இப்பாத்திரத்துக்காகத் தம் தலையை மழித்துக்கொண்ட லட்சுமி ராமகிருஷ்ணனும் அப்பெற்றோராக நடித்துள்ளனர். பிடிக்க வேண்டியவரின் நெஞ்சிலும் பிடிக்க வந்தவரின் நெஞ்சிலும் ஒரே புண்! சட்டம் ஒருவர் கையில் இருக்கிறது. மற்றவர் கையில் கத்தி இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே. படத்தின் அச்சம் அட்டைப் பெட்டிகளில் இல்லை. இந்த ஒற்றுமையில் இருக்கிறது.

இது வெளிநாட்டிலிருந்து வந்த கற்பனை என்று எண்ண வேண்டா. துயருற்ற நெஞ்சோடு நீதி தேடிய முதல் வழக்கு நம் சிலப்பதிகாரத்திலேயே உள்ளது. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான். புகாருக்கும் தண்டனைக்கும் நடுவே விசாரணை என்ற ஒன்றே இல்லை. கண்ணகி அரசவைக்கு அழுகையை மட்டுமா கொண்டு போனாள்? சான்றுப் பொருளையும் கொண்டு போனாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். சிலம்பை உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. இன்றைய தடயவியல் அறிஞரும் இதைவிடத் தெளிவாக மெய்ப்பிக்க இயலாது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. தவறு செய்த மன்னன் இறந்த பின்னும் மதுரை எரிந்தது. உண்மையைக் காட்டியது துப்பு. ஊரை எரித்தது துயரம். இரண்டும் ஒரே பெண்ணிடம் இருந்தன. அந்தக் கண்ணகிக்கு நம் மலைத் தொடரிலேயே, கூடலூருக்கு மேலே மங்கலதேவியில் கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று மலையேறுவோர் பத்தினியை வணங்குவதோடு இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

துப்பறிபவன் யார்? புகாருக்கும் தண்டனைக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காப்பவன். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கோவலன் சாவான். அது முடிவில்லாமல் நீண்டாலோ, ‘யுத்தம் செய்’ பெற்றோர் கத்தியை எடுப்பர். பழிவாங்கல் பெரும்பாலும் பிறக்கும் இடம், புகாரை வாங்க மறுக்கும் மேசையே.

படம் வெளிவந்தபின் சட்டம் இவ்வகையில் முன்னேறியுள்ளது. குழந்தை காணாமற் போனதாகப் புகார் வந்தால், கடத்தலாக இருக்கலாம் என்றே கொண்டு முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013-இல் ஆணையிட்டது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் தெரிவித்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என அதே ஆண்டு லலிதா குமாரி வழக்கிலும் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. இதையே ‘ஜீரோ எப்.ஐ.ஆர்.’ என்பர். காலையில் கேரளத்தில் வேலை, மாலையில் தமிழகத்தில் வீடு என வாழும் நம் மக்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறென்ன? ‘அது அடுத்த மாநிலம், அங்கே போ’ என்னும் சொல்லுக்கு இனி இடமில்லை. படித்த நாம் இதைப் படிக்காத நம் தாய்மார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

‘யுத்தம் செய்’ படத்தின் முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காதவர் பார்த்து அறிக. பார்க்கும்போது ‘யார்?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘அந்தத் தாயும் தந்தையும் முதல்நாள் முறையிட்டபோதே ஒருவர் பொறுமையாகக் கேட்டிருந்தால் இத்தனை பெட்டிகள் வீதிக்கு வந்திருக்குமா?’ என்றும் கேளுங்கள். வாசலில் நிற்கும் தாய்க்கு வேண்டியது பழி அன்று, விடை.