புதுச் சாரனும் புது ஸ்பீக்கரும்



திருவிழா என்றால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இசைக்குழு அமைத்துப் பாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கிற்றார், ஓர்கன், அம்ப்ளிஃபயர் எல்லாம் சும்மா வருவதில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீட்டுப் போட்டு, வீட்டுக்கு வீடு காசு சேர்த்து வாங்குகிற சாமான்கள். அதனால்தான் இம்முறை இந்த விஷயத்தை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள மருதமுனை. இருபது வயதில் எங்கட கூட்டாளிமார் சேர்ந்து ஒரு கிற்றார் அம்ப்ளிஃபயர் வைத்திருந்தோம். அதன் ஸ்பீக்கர் பழுதாகிப் போக, புதிது வாங்கிப் போட்டோம். வாசித்துப் பார்த்தால் தகரத்தில் தட்டுகிற மாதிரிச் சத்தம். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றான் ஒருவன். "ராத்திரி முழுக்க ஃபுல் சத்தத்தில விட்டா சரியாகிடும்" என்றான் இன்னொருவன். அப்படியே செய்தோம். விடிவதற்குள் கருகின மணம் வந்தது. ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது.

கல்முனை பஸாரில் றேடியோ திருத்துகிற ஒரு வயதான காக்காவிடம் அதைக் கொண்டுபோனோம். கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மகன், இது நல்ல சாமான். நீங்கதான் பழுதாக்கி இருக்கீங்க. புதுச் சாரன் உடுத்தினா முதல் நாள் எப்படி இருக்கும்? விறைப்பாத்தானே இருக்கும். நாலு தரம் உடுத்திக் கழுவினா தன்னால இளகும். அதுக்காக அடிச்சுக் கிழிக்கிறதா?"

மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள். அந்தக் கஞ்சி போகப் போகத்தான் துணி மிருதுவாகும். ஸ்பீக்கரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்றுள்ள ஸ்பீக்கரின் அமைப்பை 1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் றைஸ், கெலொக் என்ற இரு பொறியியலாளர்கள் வெளியிட்டார்கள். காந்தத்தின் நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அதோடு கடதாசிக் கூம்பு ஒட்டியிருக்கும். மின்சாரம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும். கூம்பும் கூடவே அசைந்து காற்றைத் தள்ளும். அதுவே சத்தம். சுருளை நடுவில் பிடித்து வைத்திருப்பது, பசை ஊற்றி மடிப்பு மடிப்பாக இறுக்கிய ஒரு வட்டத் துணி. கூம்பின் வெளி விளிம்பிலும் மடிப்புகள் உண்டு. புதிதில் இவை விறைப்பாக இருப்பதால் கனத்த ஓசைகள் குறைந்து, கீச்சு ஓசை தூக்கலாகக் கேட்கும். வாசிக்க வாசிக்க மடிப்புகள் இளகி, சத்தம் கொஞ்சம் உருண்டு வரும்.

தப்பைத் தீயில் காட்டித் தோலை இறுக்கிய பிறகே அடிக்கிறோம் அல்லவா? ஸ்பீக்கர் அதற்கு நேர் எதிர். இறுக்கம் தளர வேண்டும். ஆனால் சூட்டால் அல்ல, அசைவால்.

அதைப் பழக்கும் முறை இது:

1. அம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரை இணையுங்கள். இரண்டிலும் எழுதியுள்ள 'ஓம்' அளவு பொருந்த வேண்டும். ஸ்பீக்கரின் 'வொட்' அளவு அம்ப்ளிஃபயரை விடக் குறையக் கூடாது.

2. கரகரப்பு இல்லாத தெளிந்த சத்தத்தில், நடுத்தர அளவில் வாசியுங்கள். தடித்த கம்பிகளையும் மெல்லிய கம்பிகளையும் மாறி மாறி மீட்டுங்கள். கைத்தொலைபேசிப் பாட்டை மெதுவாக ஓடவிட்டாலும் சரி.

3. நாளுக்கு ஒரு மணி நேரம் என்று சில நாள் போதும். மாற்றத்தின் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். மலையளவு மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். நம் காதும் புதுச் சத்தத்துக்குப் பழகிக்கொள்ளும்.

4. கருகின மணம் வந்தால் உடனே நிறுத்துங்கள். கம்பிச் சுருள் சுடுகிறது என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். விறைப்பு வேறு, பழுது வேறு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கூம்பை இரு பக்கமும் சமமாக விரல் நுனியால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். உரசுகிற சத்தம் கேட்டால் அது பழுது. எத்தனை நாள் வாசித்தாலும் போகாது. பற்றுச்சீட்டோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். அதனால் பற்றுச்சீட்டை வீசிவிட வேண்டாம்.

பழக்குவதும் பகலில் நடக்கட்டும். பக்கத்துக் காம்பராவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். கொழுந்து பறித்துக் களைத்து வந்த தாய் படுத்திருப்பாள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டு நம் நாட்டின் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. விசேட சமய விழாக்களுக்கும் வேறு விசேட நிகழ்வுகளுக்கும் விலக்கு உண்டு.

எங்கள் கூட்டாளிமார் அந்த ஒரு ராத்திரியில் இழந்தது பல மாதச் சேமிப்பு. அந்த வருஷம் மேடை ஏறவே இல்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது. புது ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்தால் முதல் வாரம் பொறுமையாக இருங்கள். திருவிழாவுக்கு முதல் நாள் வாங்காமல், ஒரு மாதம் முந்தியே வாங்குங்கள்.