ஆடும் பழைய பைக்கை வீட்டிலேயே சரி செய்யலாம்

இந்த முறை நாங்கள் பேசப் போவது சத்துணவைப் பற்றியோ கொழுந்து நிறுவையைப் பற்றியோ அல்ல. லயத்து வாசலில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் புது பைக் எடுக்க வழியில்லாமல் நம்ம ஆட்கள் பலர் பத்து, பதினைந்து வருடம் ஓடிய பைக்கைக் கைமாறி வாங்கினார்கள். எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டு வாங்குவோம். பெயின்டைப் பார்த்து வாங்குவோம். சொக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்த்து வாங்கியவர் எத்தனை பேர்?

எங்களோடு வேலை செய்யும் ஒருவர் பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறார். அவர் நாவிதன்வெளியில் ஒரு நூறு சீ.சீ. பைக் வாங்கினார். அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கு உட்பக்கமாக இருக்கிற ஊர் அது. காரைதீவு, அம்பாறை, சியம்பலாண்டுவ, மொணராகலை என்று ஓட்டிக்கொண்டு வந்தார். சமவெளி முழுக்க வெண்ணெய் மாதிரி வந்ததாம். மலை ஏறிய பிறகும் குறை தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் வைத்து, நடுவில் பிள்ளையையும் வைத்து, தோட்டத்து இறக்கத்தில் இறங்கும்போதுதான் ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கத் தொடங்கியது. பிரேக் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடியது. மண் மேட்டில் சாய்த்து நிறுத்தியதால் மூன்று பேரும் தப்பினார்கள். மறுபக்கம் பள்ளம்.

ஒரு கடையில் கேட்டபோது, முன் ஃபோர்க்கையே முழுசாக மாற்றச் சொன்னார்கள். அந்தக் காசு அவரிடம் இல்லை. எங்களுக்குக் கல்முனைப் பக்கம் ஒரு வேலை இருந்ததால், பைக்கையும் லொறியில் ஏற்றிக்கொண்டு விற்றவர் வீட்டுக்கே போனோம்.

விற்றவரின் தகப்பனார் வயல் செய்பவர். வீட்டு முற்றத்திலேயே பைக்கையும் பழுது பார்ப்பார். நாங்கள் "நானா" என்று கூப்பிட, அவர் சிரித்தார். அங்கே "காக்கா" என்றுதான் சொல்லுவாங்களாம். பைக்கைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பின் சொக்கைக் கையால் தட்டினார். "தம்பி, இது தண்ணிக்கு உசத்தின வண்டி. மலைக்குச் சரிவராது" என்றார்.

விஷயம் இதுதான். கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் வழியில் கிட்டங்கித் தாம்போதி இருக்கிறது. மாரி காலத்தில் வெள்ளம் அந்தப் பாதைக்கு மேலாகப் பாயும். எஞ்சினும் சைலன்சரும் கொஞ்சம் மேலே நிற்கட்டும் என்று பின்னுக்கு நீளமான சொக் இரண்டைப் போட்டிருந்தார்கள். வாய்க்காலும் வயலுமாகக் கிடக்கும் தட்டைப் பூமியில் அதனால் பெரிய கெடுதி இல்லை. ஆனால் பின்பக்கம் உயர்ந்தால் முன்பக்கம் குனிகிறது. முன் ஃபோர்க் சாய்வு குறைந்து செங்குத்தாகிறது. ஃபோர்க் சாய்ந்து நின்றால்தான் சக்கரம் தானாக நேராக நிற்கப் பார்க்கும். செங்குத்தாக ஆக ஆக அந்தக் குணம் போய்விடும். இறக்கத்தில் பாரம் ஏற்கெனவே முன்னால்தான் விழும். பிரேக்கும் பிடித்தால் முன்பக்கம் இன்னும் அமுங்கும். அப்போது ஹேண்டில் ஆடாமல் என்ன செய்யும்? மெயின் ஸ்டாண்டில் போட்டால் பின் சக்கரம் தரையிலேயே இருந்தது. சைட் ஸ்டாண்டில் பைக் அளவுக்கு மேல் சாய்ந்தது. வாங்கும்போதே அதைக் கவனித்திருக்கலாம். நம்ம பக்கத்துப் பொடியன்மாரும் பார்வைக்காக இப்படிப் பின்பக்கத்தை உயர்த்துகிறார்கள். தயவு செய்து வேண்டாம்.

நீள சொக்கைக் கழற்றி, அந்த பைக்குக்கு உரிய அளவில் ஒரு சோடி போட்டோம். அதோடு வேலை முடியவில்லை. "புதுச் சாமான் வாங்க முதல் இருக்கிற ஆட்டத்த எடுங்க தம்பி" என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

முதலில் ஸ்டீயரிங் கோன். மெயின் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் பலகையும் கல்லும் வைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்க. ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்க. நேராக வரும் இடத்தில் "டக்" என்று ஒரு பள்ளத்தில் உட்காருவது போலத் தெரிந்தால், உள்ளே குண்டு ஓடும் கிண்ணம் பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஃபோர்க்கின் இரண்டு காலையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் இழுங்க. தட்டும் சத்தம் கேட்டால் கோன் தளர்ந்திருக்கிறது. இந்த பைக்கில் இரண்டுமே இருந்தது. திறந்து பார்த்தால் கிரீஸ் ஒரு சொட்டு இல்லை, துரு மட்டுமே. தாம்போதித் தண்ணீரின் வேலை. நம்ம பக்கம் வெள்ளம் இல்லாவிட்டாலும் மழையும் மூடுபனியும் அதையேதான் செய்யும்.

கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்து, மேலே எத்தனை குண்டு, கீழே எத்தனை குண்டு என்று எண்ணி எழுதி வைங்க. இரண்டும் ஒரே எண்ணிக்கையாக இருக்காமல் போகலாம். பள்ளம் விழுந்த கிண்ணத்தில் புதுக் குண்டு போட்டால் காசுதான் நட்டம். முழுச் செட்டாக மாற்றுவதுதான் சரி. கிரீஸ் நிறையப் பூசி இறுக்கும்போது அளவு இதுதான்: ஆட்டம் இருக்கக் கூடாது; ஆனால் ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் தன் பாரத்திலேயே ஓரத்துக்கு விழ வேண்டும். அதிகம் இறுக்கினாலும் பைக் நேராகப் போகாமல் அலையும்.

அடுத்தது முன் ஃபோர்க். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. ஒயில் சின்னத் துளைகள் வழியாகப் பாய்ந்து அந்த ஸ்பிரிங் துள்ளாமல் பிடித்து வைக்கிறது. எஞ்சின் ஒயிலை நாள் பார்த்து மாற்றுகிற நாம், ஃபோர்க்கிலும் ஒயில் இருக்கிறது என்பதையே மறந்து போகிறோம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பலமாக அமுக்கி விடுங்க. ஒரு முறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு, மூன்று தரம் ஊஞ்சலாடினால் ஒயில் நீர்த்துவிட்டது, அல்லது குறைந்துவிட்டது.

மாற்றுவது கஷ்டமில்லை, ஆனால் அவசரப்படக் கூடாது. முன் சக்கரம் தூக்கியே இருக்கட்டும். ஒரு காலை முடித்துவிட்டு மற்றக் காலைத் திறங்க. மேல் மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கி இருப்பதால் கடைசிப் புரியில் மூடி எகிறும். முகத்தை அதற்கு நேரே வைக்காதீங்க, பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைங்க. பழைய பைக் பலவற்றில் காலின் அடியில் ஒயில் வடிக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி, காலை மேலும் கீழும் அசைத்தால் கறுப்பாக, மீன் நாற்றத்தோடு வரும். புது ஒயில் எவ்வளவு என்பது பைக்குக்கு பைக் வேறு. கைநூலில் மில்லிலீற்றர் கணக்கில் இருக்கும். அளக்க, அளவுக்கோடு போட்ட பழைய பால் போத்தல் போதும். பிறகு அதைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இரண்டு காலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். கைநூல் சொல்கிற ஃபோர்க் ஒயிலையே வாங்குங்க. சின்ன பைக்குகளுக்குப் பெரும்பாலும் 10 நம்பர் வரும். தடித்த எஞ்சின் ஒயிலை ஊற்றினால் நம்ம மலைக் குளிரில் காலை நேரம் ஃபோர்க் இறுகி, கல் ரோட்டில் சக்கரம் தரையைப் பிடிக்காமல் தட்டித் தட்டி ஓடும். காலில் ஒயில் வழிந்திருந்தால் சீலையும் மாற்றுங்க. வழிகிற ஒயில் பிரேக்குக்குள் போனால் இறக்கத்தில் பிரேக் இல்லை.

சூப்பர் கப் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1958இல் வந்து, 2017இல் பத்துக் கோடியைத் தாண்டிய வண்டி அது. சி 90 போன்ற பழைய கப்பில் இந்த நீளக் குழாய் ஃபோர்க் இல்லை. கீழே சின்னக் கை ஒன்று ஆடும். முன் பிரேக் பிடித்தால் மூக்கு அமுங்காமல் மேலே எழும்பும். அது பழுது அல்ல. அந்தக் கையின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்க.

பின்பக்கம் வந்தால், சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் தள்ளுங்க. ஆட்டம் சக்கரத்தில் என்றால் பேரிங். ஸ்விங் ஆமோடு சேர்ந்து ஆடினால் புஷ். செயின் இறுக்கும் போது இரண்டு பக்கக் கோடும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கோட்டை மட்டும் நம்பாமல், கொத்தனார் நூல் பிடிப்பது போலப் பின் டயரின் இரு பக்கமும் ஒட்டி நூலை முன் சக்கரம் வரை இழுத்துப் பிடிங்க. முன் டயர் ஒடுக்கமாக இருந்தால் நூலில் தொடாது. இரு பக்கமும் இடைவெளி சமமா என்பதுதான் கணக்கு. அன்று எங்கள் பைக்கில் ஒரு விரல் அளவு கோணல் இருந்தது!

சொக் எவ்வளவு இறுக்கமாக வைப்பது? சொக்கின் அடியில் படி படியாகத் திருப்பும் வளையம் இருக்கும். பின் அச்சிலிருந்து நேர் மேலே சீட்டின் அடி வரை டேப்பால் அளந்து பாருங்க: ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது ஒரு தரம், வழக்கமாகப் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு தரம். சொக் முழுவதும் அமுங்கக் கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு இறங்கினால் சரி. சக்கரம் 90 மில்லிமீற்றர் ஏறி இறங்கும் என்றால், சுமார் 30. அதற்கு மேல் அமுங்கினால் ஒரு படி கூட்டுங்க, இரண்டு பக்கமும் ஒரே படி. தனியாக ஓட்டும்போது குறைத்து விடுங்க. ஸ்பிரிங்கை வெட்டுவது, இடையில் வாசர் அடுக்குவது, வெல்டிங் வைப்பது எதையும் செய்யாதீங்க.

டயரைக் கடைசியில் சொல்கிறோம், பார்ப்பதை முதலில் பாருங்க. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். பூ தேயாமல் இருந்தாலும் அத்தனை வருடம் போன ரப்பர் இறுகிப் போயிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது. எங்கள் நண்பரின் முன் டயர் அப்படித்தான் இருந்தது. காற்றும் கைநூல் அளவுப்படி, ஆள் ஏற்றினால் அதற்குரிய அளவு.

வேலை முடிய அஸர் நேரம் ஆகிவிட்டது. புதுச் சொக், கோன் செட், ஒயில், சீல், ஒரு டயர் இவ்வளவும்தான் வாங்கினோம். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கழற்றிய நீளச் சொக்கை மட்டும் வரும் மாரிக்கு வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

பசறைக்கு வந்ததும் நண்பர் முதலில் ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்தார். பிறகு தனியாக இறக்கத்தில் இறங்கினார். ஹேண்டில் ஆடவில்லை. நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு கோன் நட்டைத் திரும்பப் பார்த்தபோது கொஞ்சம் தளர்ந்திருந்தது. புதுக் கோன் உட்காரும்போது அப்படி ஆகும். இறுக்கிவிட்டு அதற்கப்புறம்தான் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றினார்.