நகரிப் பக்கத்துப் பரிஷத் பள்ளிக்கூடம்

சென்னையிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். திருத்தணி தாண்டிய சிறிது நேரத்தில் ஸ்டேஷன் பலகைகளில் தெலுங்கு எழுத்து வந்துவிடும். ஆனால் ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று ஊர்ப் பெயர்கள் தமிழாகவே இருக்கும். 1960 ஏப்ரல் 1-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் சத்தியவேட்டுப் பக்கமாக ஆந்திராவுக்குப் போயின. நகரி, சித்தூர், குப்பம் முன்போலவே ஆந்திராவில் இருந்துவிட்டன. இவ்வூர்களில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் ஏராளம்.

இக்குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் படிப்பது ஜில்லா பரிஷத் ஹைஸ்கூலில். பழைய ஜில்லா போர்டு பள்ளிகளை 1959-ல் பரிஷத்துகள் ஏற்றுக்கொண்டதால் வந்த பெயர் இது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. கட்டணம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு பள்ளியிலேயே. முடிவில் எஸ்.எஸ்.சி. பொதுத்தேர்வு. அதில் தமிழை முதல் மொழியாக எழுத வழியுண்டு. அப்போது தெலுங்கு இரண்டாம் மொழியாகும்.

வழி இருக்கிறது என்பது வேறு, வகுப்பு நடப்பது வேறு. தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யவேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 350-ஏ பிரிவு, ஆரம்பப் பள்ளியை மட்டுமே சொல்கிறது. ஐந்தாவது வரை தமிழில் படித்த பிள்ளைக்கு ஆறாவதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் தமிழாசிரியர் பணியிடம் கேள்விக்குள்ளாகும். ஆசிரியர் இல்லாவிட்டால் பெற்றோர் வேறு பிரிவில் சேர்ப்பார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கப் பாடுபடும் நமக்கு இது புதிதல்ல. ஆங்கில மோகம் என்று அந்தப் பெற்றோரைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர்கள் பார்ப்பது கல்லூரியை.

அங்கேதான் இன்னொரு சிக்கல். 1974-ஆம் வருடத்து ஜனாதிபதி உத்தரவின்படி ஆந்திரக் கல்லூரிகளில் 85 சதவிகித இடங்கள் உள்ளூர் மாணவருக்கு. உள்ளூர் மாணவர் என்றால், இண்டர்மீடியட் போன்ற தகுதித் தேர்வோடு முடியும் நான்கு வருடங்களைத் தொடர்ந்து அப்பகுதியில் படித்திருக்கவேண்டும் என்பது முக்கிய விதி. தமிழில் படிக்கட்டும் என்று பத்தாவது முடித்த பிள்ளையைத் திருத்தணியில் பிளஸ் டூ சேர்த்தால் அந்தக் கணக்கு அறுந்துபோகும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலோ, எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படிக்காதவரிடம் பிறப்பிடச் சான்று கேட்பார்கள். பஸ்ஸில் சிறிது தூரம்தான், ஆனால் இரண்டு பக்கமும் பிள்ளை வெளியூராகிவிடலாம்.

ஊரிலிருந்து உறவினர் யோசனை கேட்டு எழுதினால், ஆறாவதில் சேர்க்கும்போதே தலைமை ஆசிரியரிடம் தமிழ் முதல் மொழியாக உண்டா, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் படிப்புச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பிளஸ் டூவுக்கு எல்லை தாண்டுவதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.