படத்தை வாங்கினால் கைக்கு வருவது எது?

இந்தோனேசியாவின் செமாராங் நகரில் படித்துவந்த கோசாலி என்ற மாணவர், 2017 முதல் 2021 வரை தம் கணினி முன் அமர்ந்து செல்ஃபி எடுத்துவந்தார். ஆண்டுக்கு ஆண்டு முகம் மாறுவதைப் பட்டமளிப்பின்போது ஒரு காணொளியாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 2022 ஜனவரியில் 933 படங்களை ‘கோசாலி எவ்ரிடே’ என்ற பெயரில் ஓபன்சீ இணையச் சந்தையில் விற்பனைக்கு வைத்தார். ஒரு படத்தின் விலை சுமார் 3 அமெரிக்க டாலர். சில நாள்களிலேயே அவற்றின் மொத்த வர்த்தகம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

அந்தப் படங்களை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், கைப்பேசியில் சேமிக்கவும் செய்யலாம். அப்படியானால் வாங்கியவர்கள் எதற்குப் பணம் கொடுத்தார்கள்?

பதிவேடுதான் சரக்கு

அவர்கள் வாங்கியது என்.எஃப்.டி. அதாவது, ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாத டோக்கன். உங்களிடம் உள்ள 10 ரிங்கிட் தாளை நண்பரின் 10 ரிங்கிட் தாளுடன் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நட்டமில்லை. ஆனால் உங்கள் தேர்வுச் சான்றிதழை அவருடைய சான்றிதழுடன் மாற்ற முடியுமா? என்.எஃப்.டி. அந்தச் சான்றிதழைப் போன்றது. ‘இந்த எண்ணுள்ள டோக்கன் இந்தக் கணக்குக்கு உரியது’ என்பதே அதன் சாரம்.

இந்தப் பதிவு பிளாக்செயினில் இருக்கிறது. வகுப்பு வருகைப் பதிவேட்டின் நகல் 30 மாணவர்களிடமும் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் நகலில் மட்டும் திருத்தினால், மற்ற 29 நகல்களும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயினும் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் நகலாக இருக்கும் பதிவேடுதான்.

படத்தின் கைரேகை

கணினிக்குப் படம் என்பது எண்களின் வரிசை. ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளும் பொதுவாக 0 முதல் 255 வரையிலான எண்களாகக் குறிக்கப்படுகின்றன. எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்கீட்டு முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 256 பிட் நீளமுள்ள ஒரு குறியீடாகச் சுருக்கித் தருகிறது. இதற்கு ஹேஷ் என்று பெயர். ஒரே ஒரு புள்ளியின் நிறத்தைச் சற்று மாற்றினாலும் ஹேஷ் முற்றிலும் வேறாகிவிடும். ஹேஷிலிருந்து படத்தை மீட்டெடுக்கவும் முடியாது.

பிளாக்செயினின் ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தைய கட்டத்தின் ஹேஷைச் சுமக்கிறது. பழைய பதிவு ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னுள்ள சங்கிலி முழுவதும் பொருந்தாமல் போகும்.

முதல் அடிகள்

ஒரு புகைப்படக் கலைஞர் முதலில் ஒரு மின்பணப்பையைத் தொடங்க வேண்டும். அதன் இரகசியச் சாவியைப் பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்களாகத் தருவார்கள். அதைத் தொலைத்தால் கணக்கைத் திறக்க வழியில்லை. பிறரிடம் சொன்னால் எல்லாம் பறிபோகலாம். அடுத்து, டோக்கனை உருவாக்க வேண்டும். பதிவேட்டில் எழுதக் கட்டணம் உண்டு. நெரிசல் கூடினால் அதுவும் கூடும். படம் விற்காமல் போனாலும் கட்டிய கட்டணம் திரும்பி வராது.

பெரிய கோப்பைப் பிளாக்செயினில் எழுத மிகுந்த செலவாகும். ஆகவே படம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். டோக்கனில் அதன் முகவரி மட்டுமே இருக்கும். படத்தை வைத்திருக்கும் கணினி நின்றுபோனால், வாங்கியவரிடம் வெறும் முகவரிதான் மிஞ்சும்.

மின்சாரமும் ஒரு கேள்வியாக இருந்தது. என்.எஃப்.டி.க்கு அதிகம் பயன்படும் எத்தீரியம் பிளாக்செயின், 2022 செப்டம்பர் 15 அன்று பதிவுகளைச் சரிபார்க்கும் முறையை மாற்றியது. அதன் மின்பயன்பாடு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

பதிவேடு சொல்லாதவை

எந்தக் கணக்கு எப்போது பதிந்தது என்பதைப் பிளாக்செயின் உறுதியாகச் சொல்லும். படத்தை எடுத்தவர் யார் என்பது அதற்குத் தெரியாது. வேறொருவரின் படத்தை எடுத்து, ஓரத்தைச் சற்று வெட்டினால் புதிய ஹேஷ் கிடைத்துவிடும். அதைத் தம் படைப்பு என்று பதியலாம். பிறர் படங்களைத் திருடி விற்பது இச்சந்தைகளில் பெரிய சிக்கல். ஆகவே கேமராவில் பதிவான மூலக் கோப்பையும், அடுத்தடுத்து எடுத்த படங்களையும் கலைஞர் பாதுகாக்க வேண்டும். கோசாலிக்கு இந்தக் கவலை குறைவு. அவர் முகமே சாட்சி!

டோக்கனை விற்றால் பதிப்புரிமையும் தானாகக் கைமாறாது. அதற்குத் தனியே ஒப்பந்தம் வேண்டும்.

10 லட்சம் டாலர் முழுவதும் கோசாலிக்குப் போகவும் இல்லை. வாங்கியவர்கள் மீண்டும் மீண்டும் விற்ற தொகையும் அதில் அடங்கும். பின்னர் விலை வெகுவாகச் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்களுக்கு நட்டமே.

அழியாத பதிவின் ஆபத்து

கோசாலியின் வெற்றியைக் கண்டு, இந்தோனேசியாவில் சிலர் தங்கள் அடையாள அட்டைப் படத்தையே விற்பனைக்கு வைத்தனர். அட்டையைக் கையில் பிடித்தபடி எடுத்த செல்ஃபிகளும் அங்கு வந்தன. அப்படிச் செய்ய வேண்டாம் என்று அரசு அதிகாரிகள் எச்சரித்தார்கள். அட்டை எண்ணும் முகமும் ஒன்றாகக் கிடைத்தால், மோசடிக்காரர் உங்கள் பெயரில் கடன் வாங்கவும் முயலலாம். ஒரு சந்தை அந்தப் படத்தை மறைக்கலாம். ஆனால் பதிவேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. வாங்கியவர் எடுத்த நகலையும் திரும்பப் பெற முடியாது. திருத்த முடியாத தன்மைதான் பிளாக்செயினின் பலம். அவசரப்பட்டுப் பதிபவருக்கு அதுவே வினை.

செய்து பாருங்கள்: நீங்கள் எடுத்த ஒரு படத்தின் எஸ்.எச்.ஏ-256 குறியீட்டைக் கணினி ஆசிரியரின் உதவியுடன் கண்டறியுங்கள். அதே படத்தை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பி, அவருக்குக் கிடைத்த கோப்பின் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு படங்களுக்கும் ஏன் வெவ்வேறு குறியீடுகள் வந்தன? விடையை வகுப்பில் கலந்து பேசுங்கள்.