விளையாட்டும் நம் பொண்ணுங்க உரிமைதான்



"வயசுக்கு வந்த பொண்ணுக்கு விளையாட்டு எதுக்கு?" என்று தாம்பரம் பக்கக் குழுக் கூட்டங்களில் கேட்கிறார்கள்.

துரைப்பாக்கம் கண்ணகி நகரைப் பாருங்கள். சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து 2000-ஆம் ஆண்டு முதல் மாற்றப்பட்ட மக்கள் வாழும் இடம். ஊர்ப் பேரைச் சொன்னாலே வேலை தரத் தயங்குவார்கள். அங்கே வளர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்றார். அதே ஊர்ப் பேர் பேப்பரில் பெருமையோடு வந்தது.

பணம் கட்டி கோச்சிங் அனுப்ப நம்மால் முடியாது. பள்ளி மைதானமும் பி.டி. பீரியடும்தான் நம் பிள்ளைகளுக்கு வழி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானம் இருக்கணும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களா இருக்கணும்.

அடுத்த கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள்: "டீச்சர், பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்காதீங்க. எங்க பொண்ணுங்களும் விளையாடட்டும்!"